ஒரு கை சிமெண்ட்

மத்திய சிறை, கடலூர்
10.5.2025

அன்புள்ள மச்சான் தில்லைக்கு,

நலம் என்று ஆரம்பிக்கத்தான் கை போனது. எழுதி அடித்துவிட்டேன். நீயாவது நலமாக இரு.

இங்கே போனில் பேச இத்தனை நிமிஷம் என்று அளவு உண்டு. அது உன் அக்கா காயத்ரிக்கும் குழந்தை இளமதிக்குமே போதவில்லை. அதனால் உனக்குக் கடிதம். பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர் எழுதிய பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். உன் அக்காவுக்குக்கூட எழுதியதில்லை, பெண் பார்த்த மறுநாளே நம்பர் வாங்கிவிட்டேன். இங்கிருந்து போவதையும் வருவதையும் ஆபீஸில் படித்துப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். அதனால் சைட்டில் பேசுகிற பாஷையில் எழுதிவிடாதே.

கல்யாண மண்டபத்துப் போர்டிகோ விழுந்து இன்றோடு ஐந்து நாள். பொன்னி போயும் ஐந்து நாள். அவள் சாப்பிட நிழல் தேடித்தான் அதன் கீழே போய் உட்கார்ந்தாளாம். தூக்குவாளியைத் திறந்திருக்கிறாள், அவ்வளவுதான். கத்திரி வெயிலில் அந்தப் புவனகிரி ரோட்டில் வேறு நிழல் ஏது, நீயே சொல்.

பக்கிரி மேஸ்திரியும் என் பிளாக்கில்தான் இருக்கிறார். பெண்டாட்டி பொன்னியைப் பறிகொடுத்த மனுஷனையே பிடித்து வந்து போட்டிருக்கிறார்கள். தளத்தைத் தாங்கி நின்ற முட்டுகளைப் பிரித்தவர் அவர், பிரிக்கலாம் என்று கையெழுத்துப் போட்டவன் நான். காண்ட்ராக்டர் தங்கராசுக்கு மட்டும் நெஞ்சுவலியாம், ஆஸ்பத்திரியில் இருக்கிறார். எனக்கும் வலிக்கத்தான் செய்கிறது, யாரும் கேட்கவில்லை.

பக்கத்தில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் இருக்கிறார், நிலத் தகராறு கேஸ். "இன்ஜினீயர் சார், கான்கிரீட் காயறதுக்குள்ள பிரிச்சிட்டிங்களா?" என்று கேட்டார். கான்கிரீட் காய்வதே இல்லை சார், இறுகுகிறது, இறுகுவதற்கே அதற்குத் தண்ணீர் வேண்டும் என்று விளக்கினேன். கலக்கும்போது தண்ணீர் கூடினால் பலம் போய்விடும், இறுகிய பிறகு எவ்வளவு ஊற்றினாலும் பலம் ஏறும். பலம் எவ்வளவு என்று எப்படித் தெரியும் என்றார். தளம் போடும்போது அதே கலவையை அள்ளி ஒரு ஜாண் கூட இல்லாத சதுர அச்சில் ஆறு கட்டி வார்த்து வைப்போம், அதுதான் க்யூப், ஏழாம் நாள் மூன்றையும் இருபத்தெட்டாம் நாள் மூன்றையும் மெஷினில் வைத்து நசுக்கிப் பார்ப்போம் என்றேன். மனுஷன் ரொம்ப ஆர்வமாகக் கேட்டார். இங்கே வேறு பொழுதுபோக்கு இல்லை.

நம்முடைய ஏழாம் நாள் ரிசல்ட் 27.4. நீ வார்த்த க்யூப், நீ கொண்டுபோய்க் கொடுத்தது. பிளானில் கேட்டது 25, அதுவும் இருபத்தெட்டாம் நாளில். ஏழாம் நாளில் பதினேழு வந்தாலே போதும். வைகாசி முகூர்த்தத்துக்கு மண்டபம் திறந்தாக வேண்டும் என்று தங்கராசு தலைகீழாக நின்றார். இருபத்தோரு நாள் நிற்க வேண்டிய முட்டைப் பதின்மூன்றாம் நாளே பிரிக்க நான் ஒப்புக்கொண்டது அந்த 27.4-ஐ நம்பித்தான். வக்கீல் ஸ்ரீதரிடமும் அதைத்தான் சொன்னேன். கலவை நல்ல கலவை, எங்கள் க்யூப் சாட்சி என்று.

மிச்சம் மூன்று க்யூப் உன்னிடம் இருக்கிறது அல்லவா? ஏப்ரல் இருபத்திரண்டில் போட்டது. வரும் இருபதாம் தேதி இருபத்தெட்டாம் நாள். தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும், வெயிலில் எடுத்துப் போட்டுவிடாதே.

மனு போட்டு ஒரு தடவை வந்து பார். காயத்ரி வந்தால் அழுகிறாள், நானும் அழுகிறேன், விஷயம் பேச முடியவில்லை.

அன்புடன்,
செந்தமிழ்செல்வன்


அம்மாபேட்டை, சிதம்பரம்
13.5.2025

அன்புள்ள மாமாவுக்குத் தில்லைநாதன் எழுதிக்கொள்வது.

உங்கள் கடிதத்தை அக்காதான் முதலில் பிரித்துப் படித்தாள். நம்பர் வாங்கிய விஷயத்தில் சிரித்தாள். சிரித்த கையோடு அழுதாள். பிறகு எழுந்து சோறு வடித்தாள். இப்போது வீட்டில் எல்லாம் இப்படித்தான் நடக்கிறது.

இளமதியிடம் அப்பா பண்ருட்டி சைட்டில் இருக்கிறார் என்று சொல்லி வைத்திருந்தோம். அவள் என் போனிலேயே செய்தியைப் பார்த்துவிட்டாள். என் தப்புதான், போனை டி.வி. மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன். அழவில்லை. நேற்று என்னிடம் வந்து, "அப்பா கட்டுன மத்த வீடெல்லாம் விழுமா மாமா? நம்ம வீடு?" என்று கேட்டாள். அதெல்லாம் விழாதுடி என்றேன். "உனக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள். மூன்று நாளாகப் பாயை எடுத்துக்கொண்டு போய்க் கிணற்றடி ஓலைக் கொட்டகையில்தான் மத்தியானம் படுக்கிறாள். அம்மாவும் துணைக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறார்கள்.

க்யூப் மூன்றும் பின்பக்கம் நீல டிரம்மில் பத்திரமாக இருக்கின்றன. அம்மாவுக்கு அந்த டிரம் போனதில் கோபம். "கல்ல ஊறவெச்சி என்னாடா பண்ணப் போற, இட்லிக்கா ஆட்டப் போற?" என்று கேட்கிறார்கள்.

நான் வராததற்கு வருத்தப்படாதீர்கள். போலீஸ் இரண்டு தடவை கூப்பிட்டு விசாரித்தார்கள். க்யூப் நோட்டில் என் கையெழுத்தும் இருக்கிறது அல்லவா, அதனால். ஸ்டோர் சாவியையும் வாங்கிக்கொண்டார்கள். அலைச்சல் ஜாஸ்தியாக இருக்கிறது. ஞாயிறு கழிந்து கட்டாயம் வருகிறேன்.

பக்கிரி அண்ணன் சாப்பிடுகிறாரா? முடிந்தால் எழுதுங்கள்.

உங்கள்,
தில்லை


மத்திய சிறை, கடலூர்
16.5.2025

அன்புள்ள மச்சானுக்கு,

இளமதியிடம் சொல்லு, நம் வீட்டுத் தளம் போட்ட அன்று நானும் நீயும் விடியற்காலை ஆறு மணியிலிருந்து கலவை மெஷினை விட்டு நகரவில்லை என்று. அவள் அப்போது காயத்ரி வயிற்றில். அவளைக் கொட்டகையை விட்டு உள்ளே கூப்பிடு, வெயில் காலத்தில் பூச்சி பொட்டு வரும்.

ஞாயிறு கழிந்து வருவதாக எழுதியிருக்கிறாய். எந்த ஞாயிறு என்று எழுதவில்லை. சிதம்பரத்திலிருந்து கடலூர் ஒரு மணி நேரம். நான் மேலே எதுவும் சொல்லவில்லை.

பக்கிரியைப் பற்றிக் கேட்டிருந்தாய். சாப்பிடுகிறார், கொடுத்ததைச் சாப்பிடுகிறார். யாருடனும் பேச்சில்லை. முற்றத்தில் ஒரு வேம்பு நிற்கிறது. அதன் கீழே விழும் குச்சிகளைப் பொறுக்கி ஒரே அளவாக ஒடித்து, மண்ணில் வரிசையாக நட்டு வைக்கிறார். நான்கு வரிசை, வரிசைக்கு ஒன்பது. நான் முதலில் ஏதோ விளையாட்டு என்று நினைத்தேன். நேற்றுதான் எண்ணிப் பார்த்தேன். முப்பத்தாறு. அந்தப் போர்டிகோவுக்கு நாம் கொடுத்த முட்டு. நட்டுவிட்டு ஒவ்வொன்றாக உருவுகிறார். உனக்குத் தெரியும், நடுவில் தொடங்கி இரண்டு ஓரத்துக்கும் போக வேண்டும், ஓரத்தை முதலில் எடுத்தால் நடுவில் பாரம் தப்பாக இறங்கும். அவர் நடுவிலிருந்துதான் உருவுகிறார். கடைசிக் குச்சி வந்ததும் நிறுத்தி, மறுபடி எல்லாவற்றையும் நட ஆரம்பிக்கிறார்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "மூணாவது வரிசையில எத மொதல்ல எடுத்தன்னு ஞாவகம் வர மாட்டேங்குது சார்," என்றார். "ஒன்னு மாத்தி எடுத்துட்டனோ என்னமோ. அவ கீழ இருக்கான்னு எனக்குத் தெரியாது சார்." முப்பது வருஷமாக முட்டுப் பிரிக்கிற மனுஷன்.

இதை ஸ்ரீதரிடம் சொன்னபோது அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சார், இது போதும். இடிஞ்ச துண்டுங்கள சோதனைக்கி எடுத்துப் போயிருக்காங்க, ரிசல்ட் வர மாசக்கணக்காவும். அதுக்குள்ள உங்க இருபத்தெட்டாம் நாள் க்யூபு நல்லா வந்துடுச்சின்னா, தப்பு கலவையில இல்ல, பிரிச்ச முறையிலன்னு சொல்லிடலாம். ஜாமீன் வாங்கிடலாம்," என்றார். பக்கிரிக்கு வக்கீல் இல்லை, அதையும் அவரே சொன்னார்.

எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் இளமதியை நினைத்தால் எல்லாம் சரியாகப் படுகிறது. இருபதாம் தேதி மூன்று க்யூபையும் மஞ்சக்குப்பம் லேபுக்குக் கொண்டுவந்துவிடு.

ஒன்று கேட்க மறந்தேன். தளம் போட்ட அன்று தங்கராசு என்னைப் பண்ருட்டி சைட்டுக்கு அனுப்பிவிட்டார் அல்லவா. நான் திரும்பி வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. தளத்தின் மேல் தண்ணீர் மினுங்கியது. அதற்குள்ளேயே தெளித்துவிட்டீர்களா?

அன்புடன்,
செல்வன்


அம்மாபேட்டை, சிதம்பரம்
21.5.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நேற்று க்யூபை எடுத்துக்கொண்டு வந்தேன். மூன்றும் சேர்ந்து இருபத்தைந்து கிலோ. கோணிப்பையில் போட்டுப் பஸ்ஸில் ஏற்றினேன். கண்டக்டர் பலாப்பழமா என்று கேட்டார். பண்ருட்டிப் பழம் வருகிற சீசன் அல்லவா. லேபில் மெஷின் ரிப்பேராம், அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். திரும்பக் கொண்டுவந்து டிரம்மில் போட்டுவிட்டேன்.

இளமதி வீட்டுக்குள் வந்துவிட்டாள். ஆனால் படுக்கும் முன்னால் சுவரைத் தட்டிப் பார்க்கிறாள். அக்கா முறுக்கு சுட்டு வைத்திருக்கிறாள், உள்ளே அனுமதிப்பார்களா என்று தெரியவில்லை. ஐந்தாம் வகுப்பு மார்க் வந்துவிட்டது, கணக்கில் தொண்ணூற்றாறு. அப்பாவிடம் சொல்லச் சொன்னாள்.

தண்ணீர் விஷயம் எனக்குச் சரியாக நினைவில்லை மாமா. தெளித்திருப்பார்கள்.

உங்கள்,
தில்லை


மத்திய சிறை, கடலூர்
24.5.2025

தில்லைக்கு,

ஸ்ரீதர் லேபுக்குப் போன் பண்ணினார். மெஷின் நன்றாக ஓடுகிறதாம். இருபதாம் தேதி நீ அந்தப் பக்கமே வரவில்லையாம்.

காவலை நீட்டிவிட்டார்கள். கோர்ட்டில் நின்றபோது உன்னை எதிர்பார்த்தேன். காயத்ரி பக்கத்தில் உன் செருப்பாவது தெரிகிறதா என்று பார்த்தேன். நான் உனக்கு என்ன குறை வைத்தேன் மச்சான்? பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டு வந்து நின்றபோது சைட்டில் சேர்த்துக்கொண்டேன். உன் மேல் இருந்த நம்பிக்கையில்தான் ஸ்டோரையும் க்யூபையும் உன்னிடம் விட்டேன். மூன்று கல்லைக் கொண்டுவந்து கொடுக்க உனக்கு என்ன கேடு?

பக்கிரி முட்டுகளை மாற்றிப் பிரித்தார், அவரே என்னிடம் ஒப்புக்கொண்டார் என்று ஸ்ரீதர் எழுதிக் கொண்டுவந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை, சந்தேகப்பட்டார், அவ்வளவுதான். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் போட்டேன்.

அன்று சாயங்காலம் சாப்பிட்டுவிட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டேன், எழுந்திருக்க மனசில்லை. பக்கிரி தன் தட்டோடு என் தட்டையும் எடுத்துப்போய்க் கழுவி வைத்தார்.

க்யூபை எப்போது கொண்டுவருவாய்? அதை மட்டும் எழுது.

செல்வன்


அம்மாபேட்டை, சிதம்பரம்
28.5.2025

அன்புள்ள மாமாவுக்கு,

இந்தக் கடிதத்தை ஆபீஸில் படித்துவிட்டுத்தான் உங்களிடம் கொடுப்பார்கள் என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தீர்கள். தெரிந்துதான் எழுதுகிறேன். இதைத் தபாலில் போட்டுவிட்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவதாக இருக்கிறேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும், வாசல் வரை போய்த் திரும்பிவிடுவேன். ஏற்கனவே இரண்டு தடவை திரும்பியிருக்கிறேன். இதைப் பெட்டியில் போட்டுவிட்டால் எப்படியும் நாலு கண்ணில் படும், பிறகு நான் திரும்பி வந்து பிரயோஜனமில்லை. அதற்காகத்தான் முதலில் இது.

இருபதாம் தேதி நான் கடலூர் வந்தது உண்மை. மஞ்சக்குப்பம் மைதானத்து ஓரத்தில் ஒரு மர நிழலில் கோணிப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். லேபு எதிர்த் தெருவில். மத்தியானம் வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன். அந்த க்யூபைக் கொடுத்தால் முப்பத்தாறோ முப்பத்தெட்டோ வரும் மாமா. நீங்கள் வெளியே வந்துவிடுவீர்கள். பக்கிரி அண்ணன் உள்ளேயே இருப்பார். கொடுக்கவும் முடியவில்லை, கொடுக்காமல் இருக்கவும் முடியவில்லை.

அந்த க்யூப் தளத்தின் கலவை இல்லை.

அன்று மூன்று சித்தாள் வரவில்லை. இருந்த பெண்கள் மூன்று பேர் வேலையையும் சேர்த்துச் சுமந்தார்கள். மூட்டைக்கு இருபத்தைந்து லிட்டர் தண்ணீர் என்று நீங்கள் பக்கெட்டுக்குள் சிவப்புப் பெயிண்டில் கோடு போட்டு வைத்தது மெஷின் பக்கத்திலேயேதான் இருந்தது. பதினொரு மணி வரை கோட்டைத் தாண்டவில்லை. அப்புறம் வெயில் ஏறிவிட்டது. ஜல்லி தொட்டால் சுட்டது. கலவை சட்டிக்குள்ளேயே பிடித்துக்கொண்டது. பொன்னி அக்கா என்னிடம் வந்து, "தம்பி, கெட்டியா கெடக்குதுப்பா, சட்டியவுட்டு எறங்க மாட்டேங்குது. தட்டித் தட்டிக் கையி உட்டுப் போவுது. கொஞ்சம் தண்ணி உட சொல்லேன்," என்றாள். அவள் கையை நீட்டிக் காட்டினாள், விரல் எல்லாம் வெடித்திருந்தது. ஊத்துங்க என்று சொல்லிவிட்டேன். முதலில் அரை பக்கெட். அப்புறம் யாரும் அளவு பார்க்கவில்லை. கலவை தானாக ஓடியது. எல்லாருக்கும் சந்தோஷம். பொன்னி அக்கா, "தம்பிக்கி நல்ல மனசு," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தக் கலவையை அச்சில் போட்டால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். ஓரமாக ஒரு தகரத்தில் தனியாகக் கலந்தேன். தண்ணீர் கோட்டுக்குக் கீழேயே. வழக்கமாக ஒரு கை சிமெண்ட் கூடப் போடுவேன், அன்று பயத்தில் இரண்டு கை போட்டேன். அதுதான் அந்த 27.4.

வழக்கமாக என்றேன். நாலு வருஷத்துக்கு முன் திருவதிகையில் அந்த மாடி வீட்டுக்கு க்யூப் பெயிலானது. வீட்டுக்காரர் தெருவில் நின்று நீயெல்லாம் இன்ஜினீயரா என்று உங்களைக் கேட்டார். திரும்பும்போது பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு நீங்கள், "மச்சான், இனிமே க்யூபுக்கு மட்டும் ஒரு கை சிமெண்ட்டு கூடப் போட்டுடுடா. தளம் நல்லாதான் இருக்குது, க்யூபுதான் மானத்த வாங்குது," என்றீர்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள், மறந்தும் இருப்பீர்கள். உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அதற்குப் பிறகு எந்த சைட்டிலும் நான் அந்த ஒரு கையை விட்டதில்லை. உங்களை இன்னொருவன் தெருவில் வைத்துக் கேட்கக் கூடாது என்றுதான். தளம் எப்போதும் நன்றாகத்தான் இருந்தது மாமா, க்யூப் மட்டும்தான் கொஞ்சம் கூட. அன்று ஒரு நாள்தான் தளமும் கெட்டது.

நம் வீட்டுத் தளத்துக்கு நாம் க்யூபே எடுக்கவில்லை. யாருக்குக் காட்ட? இளமதிக்கு இந்தப் பதிலைத்தான் சொல்லியிருக்க வேண்டும், எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஏழாம் நாள் ரிசல்ட்டை வைத்து முட்டைச் சீக்கிரம் பிரிப்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை. பிரிக்கிறார்கள் என்று தெரிந்தபோதாவது வாயைத் திறந்திருக்கலாம். காலையில் எட்டு மணிக்குத் தெரியும். பக்கிரி அண்ணன் முதல் முட்டைத் தட்டும் சத்தம் ஸ்டோருக்குள் கேட்டது. நான் ஆணிக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் உங்களைப் பார்க்க வரவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கிற உங்கள் முகத்தைப் பார்த்தால் க்யூபைக் கொடுத்துவிடுவேன் என்று பயந்தேன்.

அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. அம்மாவிடமும் இல்லை. டிரம்மைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டேன். க்யூப் மூன்றும் கோணிப்பையில் என் பக்கத்தில் இருக்கின்றன.

பக்கிரி அண்ணனிடம் சொல்லுங்கள். அவர் எந்தக் குச்சியையும் மாற்றி உருவவில்லை என்று.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க வாய் வரவில்லை மாமா.

தில்லை


மத்திய சிறை, கடலூர்
2.6.2025

அன்புள்ள மச்சான் தில்லைக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை என் கைக்கு வந்தது. உறை பிரித்திருந்தது. கொடுத்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நீ நினைத்தபடியே நடந்திருக்கிறது. நீ ஸ்டேஷனுக்குப் போனாயா, வாசலோடு திரும்பினாயா என்று எனக்குத் தெரியவில்லை. போயிருந்தால் இந்தக் கடிதம் உன் கைக்கு வராது, காயத்ரி கைக்குப் போகும். காயத்ரி, நீ படிக்கிறாய் என்றால் முழுவதும் படித்துவிடு, நடுவில் நிறுத்தாதே.

மறந்திருப்பீர்கள் என்று எழுதியிருந்தாய். மறக்கவில்லை தில்லை. அந்த டீயில் சர்க்கரை ஜாஸ்தியாக இருந்தது வரை நினைவிருக்கிறது. திருவதிகைக்குப் பிறகு எந்த சைட்டிலும் நமக்கு க்யூப் பெயிலானதில்லை. செல்வன் சைட்டு என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று பேர் வந்தது. ஏன் ஒன்றுகூடப் பெயிலாகவில்லை என்று நான் ஒரு நாளும் உன்னைக் கேட்கவில்லை. 27.4 வந்த அன்று, பதினேழு வர வேண்டிய இடத்தில் மேலே பத்து எங்கிருந்து வந்தது என்று மனசில் ஓடியது. ஓடவிட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

தளத்தின் மேல் மினுங்கியது தெளித்த தண்ணீர் இல்லை என்றும் தெரியும். கலவையில் மிஞ்சின தண்ணீர்தான் அப்படி மேலே ஏறி நிற்கும். ஏணியில் நாலு படி ஏறினேன், பார்த்தேன், இறங்கிவிட்டேன். காலையில் போட்ட தளத்தைச் சாயங்காலம் இடி என்று தங்கராசிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பிறகு உன்னிடம் கடிதத்தில் ஒன்றும் தெரியாதவன் மாதிரிக் கேட்டேன். நீ தெளித்திருப்பார்கள் என்று எழுதினாய், எனக்கு நிம்மதியாக இருந்தது. உன்னைத் திட்டி எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போடு.

ஸ்ரீதரை வரவழைத்து, பக்கிரியைப் பற்றிக் கொடுத்த காகிதத்தைத் திரும்ப வாங்கச் சொன்னேன். எனக்குத் தெரிந்ததையும் சொன்னேன். ரொம்ப நேரம் பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார். "ஜாமீன மறந்துடுங்க சார். ரெண்டு பேரும் உள்ள உக்காந்துட்டா வெளிய அவுங்கள யாரு பாத்துக்கறது?" என்று கேட்டார். இன்று பள்ளிக்கூடம் திறக்கிறது. இளமதி ஆறாம் வகுப்பு, புதுப் பள்ளிக்கூடம். காலையில் எழுந்ததிலிருந்து யார் அவளைக் கொண்டுபோய் விட்டிருப்பார்கள் என்பதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். என்னால் செய்ய முடிந்தது அதுதான்.

பக்கிரியிடம் சொன்னேன். நீங்கள் மாற்றி எடுக்கவில்லை மேஸ்திரி, தளமே பலமில்லாத தளம், எங்கள் தப்பு என்றேன். நம்பவில்லை. அவருக்குப் படிக்கத் தெரியாது. அதனால் உன் கடிதத்தை வேப்பமரத்தடியில் உட்கார்ந்து முழுவதும் படித்துக் காட்டினேன். பொன்னி உன்னிடம் வந்து கேட்டதை மட்டும் விட்டுவிட்டேன். வெயில் தாங்காமல் நீயாகவே தண்ணீர் ஊற்றச் சொன்னதாகப் படித்தேன்.

கேட்டுவிட்டு மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். நட்டு வைத்த குச்சிகள் அப்படியே நின்றன. பிறகு என்னைப் பார்க்காமல், "பொன்னி ஒன்னும் சொல்லலியா சார் அன்னைக்கி?" என்று கேட்டார். "கெட்டியா இருந்தா சும்மா இருக்க மாட்டாளே. தண்ணி உடு, தண்ணி உடுன்னு கத்துவா. எல்லா சைட்டுலயும் நாந்தான் அதட்டுவன். அன்னைக்கி நான் கீழ முட்டுக்குள்ள இருந்துட்டன்."

இல்லை மேஸ்திரி, அவள் ஒன்றும் கேட்கவில்லை என்றேன்.

"சரிங்க சார்," என்றார். குச்சிகளைப் பிடுங்கி எடுத்து, மண்ணைத் தட்டி, மரத்தடியில் கட்டாக வைத்தார். இன்று காலையில் அவர் முற்றத்துக்கு வரவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்.

தில்லை, ஸ்டேஷனுக்கு இன்னும் போகவில்லை என்றால் போய்விடு. போய் எல்லாவற்றையும் சொல்லு, பண்ருட்டி டீக்கடையிலிருந்து சொல்லு. பொன்னி கேட்டதை மட்டும் விட்டுவிட முடியுமா? தண்ணீர் ஊற்றச் சொன்னது நீ, பார்த்தும் பார்க்காமல் போனது நான், அதுவே போதும். உண்மையைச் சொல் என்று எழுதுகிற கடிதத்திலேயே மறுபடியும் உன்னை ஒரு கை கலக்கச் சொல்கிறேன் என்று எனக்கே தெரிகிறது. உன் கடிதத்தை இங்கே படித்தாகிவிட்டது, இதையும் படிக்கத்தான் போகிறார்கள், இனி அது நம் கையிலும் இல்லை. ஒரு நாள் கோர்ட்டில் யாராவது உரக்கப் படிப்பார்கள். அன்று அவர் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்பார்.

இந்தப் பிளாக்கிலேயே உன்னையும் போடுவார்கள் என்று நினைக்கிறேன். வந்தால் என்னோடு பேசு, முகத்தை மறைத்துக்கொண்டு திரியாதே. வெறும் சிமெண்ட் தரை, முதுகு பிடித்துக்கொள்ளும். விரிப்பு ஒன்று கொண்டு வா. பக்கிரிக்கும் சேர்த்து இரண்டாகவே கொண்டு வா, அவருக்குக் கொண்டுவர ஆள் இல்லை.

அன்புடன்,
உன் மாமா
செந்தமிழ்செல்வன்